இருட்டை எண்ணும் செடிகள்: இங்கிலாந்தில் ஒரு ஜமைக்கா வீட்டுத் தோட்டம்

ஜமைக்கா வீடுகளில் கிறிஸ்துமஸ் அன்று இரண்டு பண்டம் மேசைக்கு வந்தே ஆக வேண்டும். ஒன்று ‘சொரல்’ என்கிற செக்கச்செவேல் பானம். மற்றொன்று தேங்காய்ப்பாலில் பொங்கிய ‘கங்கோ பீஸ்’ சோறு. சொரல் என்பது புளிச்சக்கீரை இனத்துச் செடி; பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றி நிற்கும் சதைப்பற்றான சிவப்பு இதழ்களைப் பறித்துப் பானம் போடுகிறார்கள். கங்கோ பீஸ் வேறொன்றும் இல்லை, நம்ம துவரைதான். பருப்பாக உடைக்காமல் பச்சையாக உரித்துச் சமைப்பார்கள்.

இந்த இரண்டும் ஏன் டிசம்பரில் வந்து நிற்கின்றன? இரண்டு செடிகளும் இரவின் நீளத்தை அளந்து பூப்பவை. பகல் ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால்தான் மொட்டுக் கட்டும். கிங்ஸ்டனில் செப்டம்பர் தொடக்கத்தில் அந்தக் கணக்கு வந்துவிடும். அக்டோபரில் பூ, நவம்பர் டிசம்பரில் அறுவடை. பண்டிகைச் சமையல் பொழுதின் கணக்கிலிருந்து பிறந்தது.

அதே விதையை இங்கிலாந்தில் போட்டால் கூத்து வேறு. லண்டனில் ஜூன் மாதத்தின் நீண்ட பகல் 16 மணி 38 நிமிடம். கிங்ஸ்டனில் அதே நாள் 13 மணி 13 நிமிடம்தான். மே மாதம் நட்ட சொரல் ஆள் உயரத்துக்குப் புதர் கட்டும், மொட்டு மட்டும் வராது. செப்டம்பர் நடுவில்தான் பகலின் நீளம் பன்னிரண்டரை மணி நேரத்துக்குக் கீழே இறங்கும். அது மொட்டு வைத்துப் பூக்க ஆயத்தமாகும்போது உறைபனி வந்து ஒரே இரவில் கறுக்கடித்துவிடும். ‘இங்கே குளிர், அதனால் வரவில்லை’ என்று கையைக் கழுவிவிடுகிறோம். குளிர் பாதிக் காரணம்தான். எந்தச் செடி இருட்டை எண்ணுகிறது, எது எண்ணவில்லை என்று தெரிந்துகொண்டால், கரீபியக் காய்கறிகளில் எதற்கு மெனக்கெடலாம், எதைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்பது முன்கூட்டியே தெளிந்துவிடும். தமிழர்களுக்கும் இது உபயோகமான கணக்கு. கரீபியத் தோட்டத்தில் இருப்பதில் பாதி நம் வீட்டுச் செடிகள்.

1948 ஜூன் 22 அன்று ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பலில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தின் டில்பரி துறையில் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின் இருபது வருடங்களுக்கு மேல் ஜமைக்கா, பார்படோஸ், டிரினிடாட் எனப் பல தீவுகளிலிருந்தும் வந்துகொண்டே இருந்தார்கள். லண்டன், பர்மிங்காம், மான்செஸ்டர் என்று குடியேறிய இடங்களில், நகராட்சி வாடகைக்கு விடும் அலாட்மென்ட் நிலத்துண்டுகளை எடுத்துப் பயிர் செய்தவர்கள் அவர்களில் நிறைய. முழுத் துண்டு என்றால் பழைய அளவில் 10 ராட், ஏறக்குறைய 250 சதுர மீட்டர். பர்மிங்காமில் ஹான்ட்ஸ்வொர்த் பக்கத்து அலாட்மென்ட்களில் நடந்தால் உருளைக்கிழங்குக்கு அடுத்த பாத்தியில் கீரை நிற்கும்.

அந்தக் கைப்பழக்கம் அடிமைக்காலத்தது. ஜமைக்காவின் கரும்புத் தோட்ட முதலாளிகள், கரும்புக்கு உதவாத மலைச்சரிவுகளை அடிமைகளுக்குக் காட்டி, ‘உன் சோற்றை நீயே விளைத்துக்கொள்’ என்று விட்டார்கள். வேலை போக மிஞ்சிய நேரத்தில் அங்கே வள்ளிக்கிழங்கு, சேம்பு, சோளம், துவரை, பூசணி எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக நட்டார்கள். மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனது. வரிசை பிடித்து நடுவதில்லை. உயரமானதன் நிழலில் குட்டையானது, தரையில் கொடி. அலாட்மென்டில் கயிறு கட்டி நேர்க்கோட்டில் கேரட் போடுகிறவர்களுக்கு இது அலங்கோலமாகத் தெரியும். களை குறைவாக வருவதும் மண் காயாமல் இருப்பதும் ஜூலை வெயிலில்தான் புரியும்.

இனி கீரை. ஜமைக்காக்காரர் ‘கலாலூ’ என்றால் தண்டுக்கீரை, குப்பைக்கீரை இனம். டிரினிடாட்காரர் கலாலூ என்றால் சேம்பு இலையை வெண்டைக்காயும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கடைந்த குழம்பு. இந்த வித்தியாசம் தெரியாமல் விதை கேட்டால் குழப்பம் வரும். நான் இங்கே பேசுவது ஜமைக்காக் கலாலூவை. கரீபியச் செடிகளில் இங்கிலாந்துக்கு இதைவிடத் தோதானது இல்லை என்பது என் கட்சி. காரணம், இதுவும் பகல் குறுகினால் பூக்கிற செடிதான். ஆனால் நமக்கு வேண்டியது பூ இல்லை, இலை. மற்ற செடிகளைக் கெடுக்கும் அதே நீண்ட பகல், கீரையைப் பூக்க விடாமல் ஆகஸ்ட் வரைக்கும் தழைக்க வைக்கிறது.

விதை கடுகிலும் மிகச் சிறிது, ஒரு கிராமில் 1,000-க்கும் மேல் இருக்கும். ஒரு சிட்டிகை விதையை ஒரு கைப்பிடி உலர்ந்த மணலோடு கலந்து தூவுங்கள். இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொட்டிக் குடுமி மாதிரி முளைக்கும். மேலே அரை சென்டிமீட்டர் மண் போதும். 20 டிகிரிக்கு மேல் சூடு இருந்தால் நாலு நாள் முதல் ஒரு வாரத்துக்குள் முளை தெரியும். ஏப்ரல் நடுவில் வீட்டுக்குள் நாற்றுத் தட்டில் போடலாம், அல்லது மே கடைசியில் நேராகப் பாத்தியில். மண் 15 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது வெளியே போட்ட விதை அழுகும், இல்லாவிட்டால் முளைத்து அப்படியே முழித்துக்கொண்டு நிற்கும். போன வருடம் இதே பாத்தியில் கீரை இருந்திருந்தால் ஒரு சுலபமான அளவுகோல் உண்டு: தானாக விழுந்த விதை என்றைக்கு முளைக்கிறதோ அன்றைக்கு விதைக்கலாம்.

தட்டில் வருகிற பெரிய தொல்லை நாற்றழுகல். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று அடித்தண்டு நூலாகச் சுருங்கிச் சாய்ந்து கிடக்கும். நெருக்கமாகத் தூவியது, மேலிருந்து தண்ணீர் ஊற்றியது, மூடியைத் திறக்காமல் விட்டது என்று மூன்றும் சேர்ந்து வரவழைப்பது அது. முளை வந்தவுடன் மூடியை எடுத்துவிட வேண்டும். தட்டைத் தண்ணீரில் கால் மணி நேரம் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விட வேண்டும். பழைய கம்போஸ்டில் விதைக்கவே கூடாது.

நாலைந்து இலை வந்ததும் வெளியே பழக்குங்கள்: பகலில் வெளியே, இரவில் உள்ளே, ஒரு வாரம் பத்து நாள். லண்டனில் மே நடு, பர்மிங்காம் இருக்கும் மிட்லண்ட்ஸ் வட்டாரத்தில் மே கடைசி நடவுக்குச் சரி. செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர். நடுவதற்கு முன் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம் கோழி எரு வில்லைகளை மண்ணோடு கிளறிவிடலாம். சிறு தொட்டியில் வேர் சுருண்டு கிடந்த நாற்றையோ குளிரில் அடிபட்ட நாற்றையோ நட்டால், ஒரு சாண் உயரத்திலேயே கதிர் தள்ளிவிடும். அதற்கு வைத்தியம் கிடையாது. பிடுங்கிக் குழம்பில் போட்டுவிட்டு வேறு நாற்றை நட வேண்டியதுதான்.

செடி 25 சென்டிமீட்டர் வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். அடியிலிருந்து மூன்று கணு விட்டு அதற்கு மேல் வெட்டுங்கள். ஒவ்வொரு கணுவிலிருந்தும் பக்கக்கிளை கிளம்பும். பிறகு பத்து நாளுக்கு ஒருமுறை அதே மாதிரி. வேரோடு பிடுங்குகிற நம் ஊர்ப் பழக்கம் இங்கே நட்டம். ஆறு செடி இருந்தால் செப்டம்பர் தொடக்கம் வரை ஒரு குடும்பத்துக்கு வாரம் ஒரு கீரைச் சமையல் தேறும். இரண்டு வெட்டுக்கு ஒருமுறை நெட்டில் என்கிற சுணைச்செடியை ஊறவைத்த தண்ணீரைக் கொடுக்கலாம். ஒரு கிலோ இலைக்குப் பத்து லிட்டர் தண்ணீர், இரண்டு வாரம் மூடி வைத்து, ஒன்றுக்குப் பத்தாகக் கலக்கி ஊற்ற வேண்டும். நாற்றம் குடலைப் பிடுங்கும், பக்கத்துத் துண்டுக்காரர் இல்லாத நேரம் பாருங்கள். ஊற்றியபின் ஒரு வாரம் அறுக்காதீர்கள். தழைச்சத்து அதிகமாகக் கொடுத்த கீரையில் நைட்ரேட் தேங்கும்.

ஜமைக்காச் சமையலில் கலாலூவின் தண்டைக் கழிப்பதில்லை. தண்டை உடைத்து நுனியைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் நாராக உரிந்து வரும். நம் பாட்டிகள் தண்டுக்கீரைக்குச் செய்வது அச்சு அசலாக அதேதான். அரைக் கிலோ கீரைக்கு 200 கிராம் காட் மீன் கருவாடு. கருவாட்டை முதல் நாள் இரவே ஊறவைத்து, தண்ணீரை இரண்டு முறை மாற்றி, பத்து நிமிடம் வேகவைத்து முள் நீக்கி உதிர்க்க வேண்டும். கீரையை உப்புத் தண்ணீரில் அலசுங்கள். ஒளிந்திருக்கும் பூச்சி மேலே வந்துவிடும். எண்ணெயில் வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு தக்காளி, இரண்டு கொத்துத் தைம் இலை வதக்கி, கீரையைப் போட்டு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடுங்கள். முழு ஸ்காட்ச் பானட் மிளகாய் ஒன்றைக் காம்போடு மேலே வைக்க வேண்டும். எட்டுப் பத்து நிமிடத்தில் கருவாட்டைச் சேர்த்து இறக்கலாம். கரண்டியால் கிளறும்போது மிளகாய் வெடித்தால் சமையலே போச்சு. வாசனை மட்டும்தான் இறங்க வேண்டும், காரம் அல்ல. தண்ணீர் அதிகமானால் கீரை கொழகொழவென்று பச்சைச் சேறாகும். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது.

அந்தக் கருவாடும் வரலாறு சுமப்பது. வட அட்லாண்டிக்கில் பிடித்து உப்பிட்ட காட் மீனை அடிமைகளுக்குத் தீனியாகக் கப்பலில் இறக்கினார்கள். ஜமைக்காவின் தேசிய உணவு என்று பெயர் வாங்கிய அக்கீ-கருவாட்டில் அக்கீ மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து 1778-இல் வந்த மரம், கருவாடு வட அட்லாண்டிக்கிலிருந்து வந்தது. இரண்டில் ஒன்றுகூடத் தீவில் பிறந்ததில்லை. அக்கீயை இங்கே வளர்க்க முயல வேண்டாம், டப்பாவில் வருவதே போதும். மரத்தில் தானாக வாய் பிளக்காத அக்கீப் பழம் நஞ்சு.

கீரைக்கு எதிரி குளிரைவிட ஓடில்லா நத்தை. ஒரு கையகலச் சதுரத்தில் மாலை ஐந்து மணிக்கு இருபது நாற்று இருந்தது, காலையில் தண்டின் அடிக்குச்சிகளும் பளபளக்கும் கோடும்தான் மிச்சம் என்றால் அது நத்தையின் வேலை. மெட்டால்டிஹைட் கலந்த நீல மாத்திரைகளை வெளியில் பயன்படுத்த 2022-லிருந்து பிரிட்டனில் தடை. பறவைகளையும் முள்ளெலிகளையும் அது கொன்றது. இப்போது கிடைப்பது இரும்பு பாஸ்பேட் மாத்திரை. கைநிறைய அள்ளி வீசாமல் ஒரு சாணுக்கு ஒன்று என்ற அளவில் தூவினால் போதும். மண் 5 டிகிரிக்கு மேல் இருந்தால் நெமட்டோடு என்கிற கண்ணுக்குத் தெரியாத புழுக்களைத் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம். மண்ணுக்குள் இருக்கும் நத்தையை அவை பிடிக்கும். ஆறு வாரம் வரை வேலை செய்யும். மண் காய்ந்தால் வீண். முட்டை ஓடு, காப்பித்தூள், செப்புப் பட்டை எல்லாம் பேச்சுக்கு நன்றாக இருக்கிறது, மழை பெய்த இரவில் எதுவும் நிற்பதில்லை.

செலவில்லாத வழிகள் இரண்டு. தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள், சாயங்காலம் வேண்டாம். ஈர மண்தான் நத்தைக்கு நெடுஞ்சாலை. அடுத்து, நாற்றை நாலு விரல் உயரத்தில் நடாமல் ஒரு சாண் வரும்வரை தொட்டியிலேயே வைத்திருங்கள். தண்டு கெட்டிப்பட்டால் ஓரிரு இலையோடு விட்டுவிடும். இருட்டிய இரண்டு மணி நேரம் கழித்து டார்ச்சோடு போய்ப் பாருங்கள், எதிரி யார் என்று சந்தேகமே இருக்காது.

பாத்திரம் கழுவும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை மண்ணில் விளிம்புவரை புதைத்து மழைநீர் நிரப்பி வைத்தால் தவளை வந்து குடியேறும். உள்ளே விழுந்த பிராணி ஏறி வர ஒரு செங்கல் சரிவு கட்டாயம். முள்ளெலி வந்து போக வேலியின் அடியில் 13 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பொந்து விட வேண்டும். அதற்குப் பால் வைக்கக் கூடாது, வயிற்றைக் கெடுக்கும். தண்ணீர் மட்டும் போதும். பட்டாணி வலையைத் தரையில் புரள விட்டால் முள்ளெலி சிக்கிச் செத்துப்போகும். தரையிலிருந்து ஒரு முழமாவது உயர்த்திக் கட்டுங்கள். எலும்புத்தூள், மீன் உரம் போட்ட பாத்தியை நரி இரவோடு இரவாகத் தோண்டும். உள்ளே ஏதோ பிணம் கிடக்கிறது என்பது அதன் நினைப்பு. புதிதாக நட்ட இடத்தில் இந்த உரங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆகஸ்ட் கடைசியில் பகல் குறையக் குறையக் கலாலூ கதிர் தள்ளும். நல்ல இரண்டு செடியை விதைக்கு விட்டு அவற்றின் கதிருக்கு மட்டும் மெல்லிய துணிப்பை கட்டுங்கள். மற்றதைச் சிட்டுக்குருவிக்கும் பொன்சிட்டுக்கும் விட்டுவிடலாம். கதிரைக் காகிதப் பைக்குள் தலைகீழாகப் பிடித்துத் தட்டினால் கறுப்பு விதை சலசலவென்று கொட்டும். உமியை ஊதிவிட்டு, ஒரு வாரம் வீட்டுக்குள் உலர்த்தி, வருடம் எழுதி வையுங்கள். நாலைந்து வருடம் முளைக்கும். களையாக முளைக்கும் கீரை இனங்கள் பக்கத்தில் பூத்தால் கலப்பு வர வாய்ப்பு உண்டு. இப்படி வருடா வருடம் தேறி நின்ற விதைகள்தான் இன்று பிரிட்டிஷ் குளிருக்குப் பழகிய கலாலூ. கார்டன் ஆர்கானிக் என்ற தொண்டு நிறுவனம் ‘சோயிங் நியூ சீட்ஸ்’ என்ற திட்டத்தில், மிட்லண்ட்ஸ் அலாட்மென்ட்காரர்கள் வளர்க்கும் இப்படிப்பட்ட வெளிநாட்டுப் பயிர்களையும் அவர்கள் கைமுறைகளையும் பதிவு செய்தது.

ஸ்காட்ச் பானட் இருட்டை எண்ணுகிற செடி கிடையாது. இதற்கு வேண்டியது சூடும் நீண்ட பருவமும். கடையில் தக்காளி விதை வாங்கும் மார்ச் மாதத்தில் இதையும் விதைப்பவர்களுக்கு அக்டோபரில் பச்சைக் காயும் வயிற்றெரிச்சலும்தான் மிச்சம். ஜனவரி கடைசியில் போட்டாக வேண்டும். 25 முதல் 28 டிகிரி வரை நிலையான அடிச்சூடு கொடுங்கள். முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆகலாம், அவசரப்பட்டுக் கிளறக் கூடாது. முதல் இலைகள் வந்ததும் 9 சென்டிமீட்டர் தொட்டி, வேர் நிறைந்ததும் ஒரு லிட்டர், மே மாதம் 5 முதல் 7 லிட்டர். நேராகப் பெரிய தொட்டிக்குத் தாவினால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து புளித்துப்போகும். பிப்ரவரியில் வெளிச்சம் பற்றாமல் நாற்று சோகையாக நீளும். விளக்கு இல்லையென்றால் சூட்டைக் கொஞ்சம் குறைப்பது நல்லது.

இரவு 12 டிகிரிக்குக் கீழே போனால் பூ உதிரும். க்ரீன்ஹவுஸில் மதியம் வெந்து புழுங்கினாலும் உதிரும். காலையில் கதவைத் திறந்து பூங்கொத்தை விரலால் மெல்லத் தட்டிவிடுங்கள். முதல் காய் கட்டும்வரை தழைச்சத்து வேண்டாம். அதன்பின் வாரம் ஒருமுறை தக்காளி உரம் கொடுக்கலாம். நுனி சுருண்டால் இலையைத் திருப்பிப் பாருங்கள், அசுவினி அங்கேதான் குடித்தனம் நடத்தும். விரலால் நசுக்கித் தண்ணீர் பீய்ச்சினால் போதும். அக்டோபரில் நல்ல செடி ஒன்றை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டி, வெளிச்சமான ஜன்னலோரம் 12 டிகிரிக்குக் குறையாமல் வைத்தால் அடுத்த ஜூலையிலேயே காய் வரும். குளிர்காலத்தில் அது சாவது பெரும்பாலும் நம் தண்ணீரால். மூன்று வாரத்துக்கு ஒரு தம்ளர் தாராளம்.

பூசணியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கரீபியச் சந்தைப் பூசணி விதையை நட்டால் கொடி தோட்டத்தையே விழுங்கும், காய் முற்றாது. அதே இனத்துப் பட்டர்நட் நடுங்கள், அதே சூப் வரும். ஜமைக்காவின் ‘ரைஸ் அண்ட் பீஸ்’ சோற்றுக்குப் போடும் சிவப்பு பீன்ஸும் இங்கே தாராளமாக விளையும். மே கடைசியில் நட்டுச் செப்டம்பரில் நெற்று உலர்ந்ததும் எடுக்கலாம். ஒரே எச்சரிக்கை: இரவு ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்க விட்ட பிறகே அடுப்பைக் குறைக்க வேண்டும். ஊறிய பீன்ஸை நேரடியாக மெதுச்சூட்டுப் பாத்திரத்தில் போட்டால் அதில் உள்ள லெக்டின் என்கிற நஞ்சு அழியாமல் வாந்தி பேதியில் கொண்டுவிடும்.

மசாலா இலைகளில் நமக்கு ஒரு பழைய சொந்தம் இருக்கிறது. கரீபியர்கள் ‘அகல இலைத் தைம்’ என்று தொட்டியில் வைத்திருப்பது நம் கற்பூரவல்லி. சளிக்குக் கஷாயம் போடும் இலையை அவர்கள் மீனுக்குப் பூசுகிறார்கள். வெங்காயத்தாள், பூண்டு, மிளகாயோடு அரைத்து மீனைக் கீறித் தடவி இரண்டு மணி நேரம் ஊறவைப்பார்கள். வாசனை ஆளைத் தூக்கும், ஆகையால் ஒரு கிலோ மீனுக்கு ஆறேழு இலை போதும். டிரினிடாடில் கறிவேப்பிலைக்குக் ‘காரப்புள்ளே’ என்று பெயர். மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறிய நம் ஆட்கள் இலையோடு பெயரையும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கற்பூரவல்லி முதல் உறைபனியிலேயே கஞ்சியாகிவிடும். ஆகஸ்ட் கடைசியில் 8 சென்டிமீட்டர் நுனிக்கொம்புகளை வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி, பாதி மணல் கலந்த மண்ணில் குத்தி வையுங்கள். மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். டிரினிடாடின் ‘ஷாடோ பேனி’ என்கிற முள் கொத்தமல்லி இதற்கு நேர்மாறான சிக்கல் கொண்டது. அதற்கு நீண்ட பகல்தான் ஆகாது, ஜூன் வந்தால் முள்ளாகக் கதிர் தள்ளும். வெயில் படாத மூலையில் தொட்டியை வைத்துக் கதிரை அடியோடு அறுத்துக்கொண்டே இருந்தால் இலை கிடைக்கும். விதையை மண்ணால் மூடக் கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். ஒரு மாதம் வரை பொறுக்க வேண்டும்.

சௌசௌவை ஜமைக்காவில் ‘சோச்சோ’ என்பார்கள். மெக்சிகோவில் பிறந்த காய் ஒன்று கிட்டத்தட்ட ஒரே பெயரோடு கிங்ஸ்டனிலும் மதுரையிலும் கூவி விற்கப்படுகிறது. இது காய்க்குள்ளேயே முளைக்கிற ஜாதி, விதையைத் தனியே எடுக்க முடியாது. பிப்ரவரியில் முளை எட்டிப்பார்க்கும் காயை முழுசாகவே, படுக்கை வசத்தில் பாதி வெளியே தெரியும்படி பெரிய தொட்டியில் புதைக்க வேண்டும். ஜூனில் வெளியே விட்டால் பந்தலையே மூடும். ஆனால் இதுவும் இருட்டை எண்ணுகிறது. செப்டம்பர் கடைசியில் பூத்து, பிஞ்சு கட்டைவிரல் அளவு வரும்போது உறைபனி. பாலிடனல் என்கிற பிளாஸ்டிக் குடில் உள்ளவர்கள் இரவில் ஃப்ளீஸ் துணி போர்த்தி நவம்பர் நடுவரை இழுத்தால் சில காய் பார்க்கலாம். மற்றவர்கள் கொழுந்து நுனிகளை விரல் நீளத்துக்குக் கிள்ளி வதக்கித் தின்னலாம். பூண்டோடு அருமையாக இருக்கும். காய்க்காக மட்டும் வளர்த்தால் ஏமாற்றம்தான். துவரைக்கும் அதே கதி, கங்கோவை டப்பாவில் வாங்குங்கள்.

மறுபடி சொரல். இதில் நமக்கும் ஜமைக்காக்காரர்களுக்கும் தேவை நேரெதிர். அவர்களுக்குச் சிவப்பு இதழ் வேண்டும், இலையைத் தொடுவதில்லை. நமக்கு இலைதான் வேண்டும். அதனால் இங்கிலாந்தின் நீண்ட பகல் புளிச்சக்கீரைத் துவையலுக்கு வரம், சொரல் பானத்துக்குச் சாபம். அலாட்மென்டில் ஒரு சொரல் புதர் பூக்காமல் நின்றால் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துக்குச் சொல்லியனுப்பலாம்.

இதழ்தான் வேண்டுமென்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. பருவம் தவறிச் சாமந்தி பூக்க வைக்கும் பண்ணைக்காரர்கள் செய்வதுதான் அது, செயற்கை இரவு. மார்ச்சில் வீட்டுக்குள் விதைத்து 12 லிட்டர் தொட்டிக்கு மாற்றிய செடியை, ஜூலை முதல் தேதியிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்கு இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளி, காலை எட்டு மணிக்கு வெளியே எடுக்க வேண்டும். பதினாலு மணி நேர இருட்டு, நாலு வாரம், மொட்டு தெளிவாகத் தெரியும்வரை. தொட்டிக்குச் சக்கரப்பலகை இல்லையென்றால் இடுப்பு போய்விடும். கதவிடுக்கில் தெருவிளக்கு விழுந்தாலோ, நடுவில் நாலைந்து நாள் ஊருக்குப் போனாலோ கணக்கு மறுபடி முதலிலிருந்து. கறுப்பு பிளாஸ்டிக்கால் செடியைப் போர்த்துகிறேன் என்று க்ரீன்ஹவுஸுக்குள் செய்தால் ஜூலை மாலை வெயிலில் செடி அவிந்துவிடும், கொட்டகைதான் சரி. பூ உதிர்ந்து இரண்டு வாரத்தில், இதழ் கொழுப்பாக இருக்கும்போதே பறித்துவிட வேண்டும். முற்ற விட்டால் நாராகும். இவ்வளவும் செய்து ஒரு குடம் பானத்துக்குத் தேறினால் பெரிது; மிச்சத்துக்குக் கடையில் காய்ந்த இதழ் வாங்கிச் சேர்த்துக்கொள்வதில் வெட்கம் எதுவும் இல்லை.

இரண்டு லிட்டர் தண்ணீருக்குக் காய்ந்த இதழ் 80 கிராம், தட்டிய இஞ்சி 60 கிராம், கிராம்பு நாலு, ஜமைக்கா மிளகு என்கிற பிமென்டோ ஆறு. இஞ்சியையும் மசாலாவையும் பத்து நிமிடம் கொதிக்க விட்டு அடுப்பை அணைத்த பிறகுதான் இதழைப் போட வேண்டும். இதழோடு சேர்த்துக் கொதிக்க விட்டால் நிறம் மங்கித் துவர்க்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, புளிப்பு அரித்துவிடும்; எவர்சில்வர் அல்லது கண்ணாடி. மூடி ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ஊறட்டும். வடிகட்டி 250 கிராம் சர்க்கரை கரைத்து, விருப்பமுள்ளவர்கள் ரம் ஊற்றி, ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். வடிகட்டிய சக்கையைக் குப்பையில் போடாதீர்கள். கிராம்பைப் பொறுக்கி எடுத்துவிட்டு, எடைக்கு எடை சர்க்கரையும் ஒரு எலுமிச்சைச் சாறும் சேர்த்து இருபது நிமிடம் கிளறினால் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஜாம் ஆகிவிடும்.